முத்திரை இல்லாத பதக்கம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுப் பெண்கள் நகைக்கடைக்குப் போனால் முதலில் எதைப் பார்ப்பார்கள்? டிசைனைப் பார்ப்பார்கள் என்று ஆண்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் வளையலைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். 916 என்ற எண் இருக்கிறதா? இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. 1000 பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். அந்த மூன்று இலக்கத்தின் மேல் நமக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

நம்பிக்கை நல்லதுதான். ஆனால் அதே நம்பிக்கையால் எங்கள் குடும்பம் ஒரு பொருளை இழந்தது. யாரும் எங்களைத் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. முத்திரை இருந்தால் அசல், முத்திரை இல்லாவிட்டால் போலி என்று நாங்களாகவே முடிவு செய்து கொண்டோம். இன்றைக்கு நான் பேச எடுத்துக் கொண்ட தலைப்பு பழைய வெள்ளிப் பதக்கங்களிலும் தங்க முலாம் பூசிய பதக்கங்களிலும் உள்ள ஹால்மார்க் முத்திரைகளைப் பற்றியது. நான் நிபுணர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். தகவல் சாதனத் துறையில் டிப்ளோமா முடித்து விட்டு, முகத்தில் பவுடர் போட்டுக் கொண்டு கேமரா முன் நிற்பது என் தொழில். வீட்டில் நடந்த ஒரு காரியத்தால் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்னும் படித்துக் கொண்டிருக்கிறேன்.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, அவசர காலத்தில் போலீஸாக இருந்தவர். 1948 முதல் 1960 வரை நீடித்த அந்த அவசர காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாத்தா இறந்த பிறகு பாட்டியிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் இரண்டு பதக்கங்கள். ஒன்று மஞ்சளாக மின்னும், சின்னது, கேடயம் போன்ற வடிவம், மேலே ஒரு வளையம். இன்னொன்று வெள்ளை, வட்டம், கனமானது, கொஞ்சம் கறுத்துப் போயிருந்தது, துணிப்பட்டையில் தொங்கும்.

1985ஆம் ஆண்டு அம்மாவின் கல்யாணச் செலவுக்குக் கையில் பணம் போதவில்லை. பாட்டி இரண்டையும் எடுத்துக் கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் மஞ்சள் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "இதுல முத்திரை எல்லாம் இருக்கும்மா, ராணி தலைகூட இருக்கு. இதை விக்காதீங்க" என்றாராம். வெள்ளைப் பதக்கத்தை முன்னும் பின்னும் பார்த்து விட்டு, "இதுல ஒரு முத்திரையும் இல்லை. நல்ல வெள்ளியா இருந்தா முத்திரை இருக்கும். கலப்பு உலோகம். எடைக்கு எடுத்துக்கிறேன்" என்று சொல்லி 12 வெள்ளி கொடுத்தார். நம் ஊரில் பணத்துக்கும் வெள்ளி என்றுதானே பெயர். வெள்ளியைக் கொடுத்து வெள்ளி வாங்கிய கதை. பதக்கத்தில் தொங்கிய துணிப்பட்டையைக் கழற்றி, "துணி எடைக்குச் சேராதும்மா, நீங்களே வெச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்து விட்டார்.

ராணி கொடுத்த தங்கப் பதக்கம் என்று அந்த மஞ்சள் பதக்கத்தை எங்கள் வீட்டில் பூஜை அலமாரியில் வைத்திருந்தோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் பாட்டி விபூதி போட்டுத் தேய்த்துத் துடைப்பார். நான் பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்காக, பழைய நாணயங்களும் பதக்கங்களும் சேகரிக்கும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். பெருமையாக அதை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணில் லென்ஸை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது ராணுவப் பதக்கம் இல்லையே" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்கு என்ன காரணம்? அதைப் புரிந்து கொள்ள ஹால்மார்க் என்றால் என்ன என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டு, முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வெள்ளிச் சாமான்கள் ஸ்டெர்லிங் தரத்தில் இருக்க வேண்டும். சோதித்துப் பார்த்த பிறகு அவற்றில் சிறுத்தைத் தலை முத்திரை குத்த வேண்டும். ஸ்டெர்லிங் என்றால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிருதுவானது என்பதால் அந்தச் செம்பு தேவைப்படுகிறது. பின்னர் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்திலேயே சம்பளத்துக்கு ஒரு சோதனையாளரை வைத்தார்கள். வேலை செய்பவர்கள் பொருளை அந்த மண்டபத்துக்குக் கொண்டு வந்து முத்திரை வாங்கிப் போக வேண்டும். மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹால்'. மண்டபத்தில் குத்திய முத்திரை, ஹால்மார்க். நாம் நகைக்கடை விளம்பரத்தில் தினமும் கேட்கும் சொல்லுக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது.

1478ல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. சோதனையாளரே ஏமாற்றினால் என்ன செய்வது? எந்த ஆண்டு யார் சோதித்தது என்று கண்டுபிடிக்க ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று வைத்தார்கள். தவறு செய்தவரைப் பிடிக்க வைத்த அந்த எழுத்துதான் இன்றைக்குப் பழம்பொருளின் வயதைக் கண்டுபிடிக்க நமக்கு உதவுகிறது.

ஆக, பழைய ஆங்கிலேய வெள்ளிச் சாமானில் வழக்கமாக நான்கு முத்திரைகள் வரிசையாக இருக்கும். செய்தவரின் அல்லது விற்ற நிறுவனத்தின் பெயர் முதலெழுத்துகள் ஒன்று. ஒரு காலைத் தூக்கிக் கொண்டு நடக்கும் சிங்கம் ஒன்று. அந்தச் சிங்கம்தான் ஸ்டெர்லிங் வெள்ளிக்குச் சாட்சி. மூன்றாவது, எந்த ஊரில் சோதித்தது என்பதற்கான அடையாளம். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அதற்குப் பிறகு ரோஜா. ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கோட்டை. நான்காவது ஆண்டைக் காட்டும் எழுத்து.

பர்மிங்ஹாம் கடலே இல்லாத ஊர். அதற்கு ஏன் நங்கூரம்? பர்மிங்ஹாமும் ஷெஃபீல்டும் 1773ல்தான் தங்களுக்கென்று சோதனை அலுவலகம் பெற்றன. அதற்காக நாடாளுமன்றத்துக்கு மனுப் போட வந்தவர்கள் லண்டனில் 'கிரவுன் அண்ட் ஆங்கர்' என்ற மதுக்கடையில் கூடினார்களாம். கிரீடமும் நங்கூரமும் அந்தக் கடையின் பெயர்ப்பலகை. நாணயத்தைச் சுண்டிப் போட்டு ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, நங்கூரத்தைப் பார்த்து விட்டுக் கப்பற்படைப் பதக்கம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய உண்டு. நங்கூரம் இருந்தால் அது பர்மிங்ஹாமில் சோதித்த பொருள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு மஞ்சள் பதக்கத்தின் பின்புறத்தில் நங்கூரம் இருந்தது. சிங்கம் இருந்தது. 'டி' என்ற பெரிய ஆங்கில எழுத்து இருந்தது. கடைக்காரர் சொன்னபடி ஒரு பெண்ணின் தலையும் இருந்தது.

இந்தத் தலையில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். ஆங்கிலேய முத்திரைகளில் மன்னர் தலையோ ராணி தலையோ இருந்தால், அரண்மனையிலிருந்து வந்தது என்று பொருள் இல்லை. 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி விதித்திருந்தார்கள். வரி கட்டியாகி விட்டது என்பதற்கு ரசீதுதான் அந்தத் தலை. விக்டோரியா ராணியின் தலை உள்ள கரண்டி என்றால், வரி கட்டிய கரண்டி. 1890க்குப் பிறகு வரி போனது, தலையும் போனது. அதன் பிறகு விசேஷ ஆண்டுகளில் மட்டும் தலை வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி 1934, 1935 வாக்கில் மன்னர், ராணி இருவர் தலையும் சேர்ந்து வரும். இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டை ஒட்டி 1953 வாக்கில் ராணியின் தலை வரும்.

பர்மிங்ஹாமில் பெரிய 'டி' எழுத்து 1928லும் வரும், 1953லும் வரும். எழுத்துகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். எழுத்தின் அமைப்பையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் வைத்துத்தான் வேறுபடுத்த வேண்டும். அதற்குப் புத்தகமும் பொறுமையும் தேவை. எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ராணியின் தலை கூடவே இருந்ததால் 1928 இல்லை என்று தெரிந்து விட்டது. அந்தக் காலத்தில் பர்மிங்ஹாமில் எழுத்து ஜூலையில் மாறும். ஆகவே 1953 ஜூலைக்கும் 1954 ஜூன் மாதத்துக்கும் இடையில் சோதித்த பொருள். ராணி எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது எதுவும் அதில் இல்லை. அந்த ஆண்டு பர்மிங்ஹாமில் முத்திரை வாங்கிய ஸ்பூன், சிகரெட் பெட்டி, பரிசுப் பதக்கம் எதிலும் அந்தத் தலையைப் போட்டுக் கொள்ள முடிந்தது.

அடுத்தது மஞ்சள் நிறம். தங்கம் என்று நாங்கள் நம்பியது.

அங்கே சிங்கம் நிற்கிறதே, அதுவே பதில் சொல்லி விட்டது. மேலே எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் சிங்கம் இருந்தால் உள்ளே வெள்ளிதான். வெள்ளியின் மேல் தங்க முலாம். பழைய ஆங்கிலேயத் தங்கமாக இருந்திருந்தால் 9, 15, 18, 22 என்று காரட் எண் இருக்கும். 9 காரட் என்றால் பக்கத்தில் '.375' என்று போட்டிருப்பார்கள். அதைச் சேர்த்துப் படித்து விட்டு 9 புள்ளி 375 கிராம் என்று எடை சொன்னவரை நானே பார்த்திருக்கிறேன். 1000 பங்கில் 375 பங்கு தங்கம் என்று அதற்கு அர்த்தம்.

முலாம் பூசுவதே ஒரு பெரிய கதை. முன்பு தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெள்ளியின் மேல் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போகும். தங்கம் ஒட்டிக் கொள்ளும். அந்த ஆவி தொழிலாளியின் நுரையீரலுக்குள் போகும். பளபளப்பான பழைய பதக்கத்தைப் பார்க்கும்போது அந்தத் தொழிலாளியையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ளலாம். 1840ல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன் பிறகு முலாம் மலிந்தது. வெள்ளி முலாம் பூசிய ஜெர்மன் சில்வர் சாமான்களும் சந்தைக்கு வந்தன. அவற்றில் 'இ.பி.என்.எஸ்.' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தனித்தனிக் கட்டத்தில், பழைய பாணி எழுத்தில், பார்ப்பதற்கு ஹால்மார்க் போலவே குத்தியிருப்பார்கள். சட்டப்படி தப்பில்லை, ஆனால் நோக்கம் என்னவென்று சொல்லவும் வேண்டுமா? எழுத்தைப் படித்துப் பாருங்கள். சிங்கம் இல்லை, எழுத்து மட்டும்தான் என்றால் சந்தேகப்படுங்கள்.

முலாம் தேய்ந்த இடமும் பேசும். பதக்கத்தின் மேடான பகுதிகளிலும் ஓரங்களிலும் முலாம் முதலில் போகும். அங்கே வெள்ளையாகத் தெரிந்தால் அடியில் வெள்ளியாக இருக்கலாம். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு. எங்கள் பாட்டி விபூதி போட்டுத் தேய்த்ததில் கேடயத்தின் நடுப்பகுதி வெள்ளையாகவே ஆகி விட்டிருந்தது. சிங்கத்தின் வாலும் பாதி போய் விட்டது. இன்னும் பத்து தீபாவளி போயிருந்தால் முத்திரையைப் படிக்கவே முடிந்திருக்காது. விபூதி, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி; பதக்கத்துக்கு ஆகாது.

சரி, இவ்வளவு முத்திரை இருந்தும் ராணுவப் பதக்கம் இல்லை என்று அந்தப் பெரியவர் எப்படிச் சொன்னார்? அவர் சொன்ன விளக்கம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பட்டம் அடிக்கிற மாதிரி முத்திரை இருக்கிறதாலேதான் எனக்குச் சந்தேகம் வந்தது" என்றார்.

ஆங்கிலேய அரசு போர்வீரர்களுக்கும் போலீஸாருக்கும் கொடுத்த போர்ப் பதக்கங்கள் அரசின் நாணய சாலையில் அச்சிடப்பட்டவை. நாணயத்தில் எங்காவது ஹால்மார்க் பார்த்திருக்கிறீர்களா? இருக்காது. அச்சிட்டதே அரசு என்பதுதான் அதற்கு உத்தரவாதம். போர்ப் பதக்கமும் அப்படித்தான். வெள்ளியாகவே இருந்தாலும் சிங்கம் இருக்காது, நங்கூரம் இருக்காது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று இருக்கும். பதக்கத்தைத் தட்டையாகப் பார்க்காமல் விளிம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாணயத்தில் கோடு கோடாக இருக்குமே, அந்த இடத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று பொடி எழுத்தில் பதித்திருப்பார்கள்.

கடைகளில் ஹால்மார்க்கோடு அதிகம் கிடைக்கும் பதக்கங்கள் கால்பந்து, ஓட்டப்பந்தயம், துப்பாக்கி சுடும் போட்டி, இசைப் போட்டி, சங்கங்கள் ஆகியவற்றின் பரிசுகள். கோட்டுப் போட்டவர்கள் கடிகாரச் சங்கிலியில் தொங்க விடுவதற்காக மேலே வளையம் வைத்துச் செய்தவை. பர்மிங்ஹாமில் அவற்றை மொத்தமாகச் செய்து உலகம் முழுவதும் அனுப்பினார்கள். எங்கள் மஞ்சள் பதக்கம் அந்த வகை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1917ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கிய ஓ.பி.இ. விருதின் ஆரம்பகாலப் பதக்கங்கள் வெள்ளியில் தங்க முலாம் பூசியவை. அந்தச் சிலுவையின் கீழ்க் கையின் பின்புறத்தில் லண்டன் ஹால்மார்க் இருப்பதுண்டு. அதே சமயம் அதில் பெற்றவர் பெயர் இருக்காது. ராணுவ அதிகாரிகளுக்கான டி.எஸ்.ஓ. விருது 1886ல் தொடங்கியபோது தங்கத்திலேயே செய்தார்கள். 1889 வாக்கில் தங்க முலாம் பூசிய வெள்ளிக்கு மாறி விட்டார்கள். அரசாங்கத்துக்கும் செலவுக் கணக்கு இருக்கிறதல்லவா!

இன்னொரு குழப்பம் உலோகத்தைப் பற்றியது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஒரு வீரருக்கு இரண்டு பதக்கங்கள் சேர்ந்தே வந்தன. வெள்ளையாக இருப்பது போர்ப் பதக்கம், நிஜ வெள்ளி. பக்கத்தில் தங்க நிறத்தில் வானவில் துணியோடு இருப்பது வெற்றிப் பதக்கம், அது வெண்கலம். குடும்பங்களில் மஞ்சளைப் பத்திரமாக வைத்துக் கொண்டு வெள்ளையை விற்று விட்டார்கள். அந்தப் போர்ப் பதக்கம் வெள்ளியில் மட்டும் ஏறத்தாழ 65 லட்சம் அச்சிடப்பட்டது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 அமெரிக்க டாலரை நெருங்கியபோது இங்கிலாந்தில் மூட்டை மூட்டையாக உருக்கினார்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு மனிதனின் பெயர் இருந்தது. எங்கள் பாட்டி மட்டும் செய்த காரியமில்லை என்று எனக்கு ஓர் ஆறுதல்.

இரண்டாம் உலகப் போர் நட்சத்திரப் பதக்கங்கள், பசிபிக் ஸ்டார், பர்மா ஸ்டார் எல்லாம், செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகம். தங்கமும் இல்லை, முலாமும் இல்லை. 1939-45 போர்ப் பதக்கம் வெள்ளை நிறத்தில் இருந்தாலும் பெரும்பாலும் குப்ரோ நிக்கல். கனடாக்காரர்களுக்குக் கொடுத்தது மட்டும் வெள்ளி. ஆங்கிலேயப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் பதிக்கவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் பெயர் உண்டு. தாத்தா இந்திய ராணுவத்தில் இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

உலோகத்தை வைத்து மதிப்புப் போடுவதானால் விக்டோரியா கிராஸ் விருதை என்ன செய்வது? ஆங்கிலேயப் படையின் மிக உயர்ந்த வீர விருது அது. வெண்கலம்! 1942 ஜனவரியில் மூவார், பாரிட் சூலோங் போரில் ஆஸ்திரேலியப் படையை நடத்திய லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் ஆண்டர்சனுக்கு அந்த விருது கிடைத்தது. எடைக்குப் போட்டால் சில்லறைதான் வரும். ஜார்ஜ் கிராஸ் வெள்ளி. அதைப் பெற்றவர்களில் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். சரவாக்கின் ஈபான் இனத்தைச் சேர்ந்த அவாங் அனாக் ராவெங். 1951 மே மாதம் ஜோகூர், குளுவாங் வட்டாரத்தில், தாமே குண்டடி பட்ட நிலையிலும் காயமடைந்த ஆங்கிலேயச் சிப்பாயை விட்டுப் போகாமல் காத்து நின்றவர். 2020ல் காலமானார். அந்தச் சிலுவையின் பின்புறத்தில் பெறுபவரின் பெயரையும் தேதியையும் பொறிப்பது வழக்கம்.

இனி போலிகளைப் பற்றிக் கொஞ்சம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் போலி முத்திரை குத்தினால் மரண தண்டனை விதிக்கவே சட்டம் இருந்தது. அப்படியும் செய்தார்கள் என்றால் லாபம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! அசல் முத்திரை உளியால் அடித்தது. ஓரங்கள் கூர்மையாக இருக்கும். அசலைப் பார்த்து அச்சு எடுத்து வார்த்ததென்றால், முத்திரையின் ஓரம் சோப்புக் கட்டியில் எழுதியது போல மழுங்கி இருக்கும்; லென்ஸில் பொடிப் பொடிக் குழிகள் தெரியும். உடைந்த கரண்டியிலிருந்து முத்திரைப் பகுதியை வெட்டி எடுத்து வேறு பொருளில் பற்ற வைப்பதும் உண்டு. அதற்கு ஒரு பழைய வித்தை: கண்ணாடியில் ஊதுவது போல அந்த இடத்தில் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த கோடு தனியாகத் தெரியும். செலவில்லாத சோதனை.

போர்ப் பதக்கத்தில் போலி வேறு விதம். பதக்கம் அசலாகவே இருக்கும்; விளிம்பில் உள்ள சாதாரண வீரரின் பெயரை அரத்தால் தேய்த்து எடுத்து விட்டு, புகழ் பெற்ற படைப்பிரிவின் பெயரைப் பொறித்து விடுவார்கள். தேய்த்த விளிம்பு மெலிந்திருக்கும். வழக்கமான அளவு 36 மில்லிமீட்டர் குறுக்களவு. அளந்து பார்த்தால் குறையும்.

காந்தத்தில் ஒட்டவில்லை, ஆகவே வெள்ளி என்று சிலர் சொல்கிறார்கள். செம்பு, பித்தளை, குப்ரோ நிக்கல் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. அந்தச் சோதனை இரும்பை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். எடை பார்ப்பது பரவாயில்லை. பதக்கத்தின் எடையை, தண்ணீரில் மூழ்கும்போது அது ஒதுக்கும் நீரின் எடையால் வகுத்தால் ஸ்டெர்லிங் வெள்ளிக்குச் சுமார் 10.4 வரும், குப்ரோ நிக்கலுக்குச் சுமார் 8.9. துணியையும் ஊசியையும் கழற்றி விட்டுச் செய்ய வேண்டும். கவனமாகத் துடைக்க வேண்டும். ஆனால் உரைகல்லில் மட்டும் உரசக் கொடுத்து விடாதீர்கள். கடைக்காரர் வழக்கமாக எங்கே உரசுவார்? விளிம்பில்தான். பெயர் இருப்பதும் அங்கேதான். பெயரைப் படிக்க, மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறி விடும். இல்லையென்றால் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் பெயர்களை அன்றைய குமாஸ்தாக்கள் எழுதிய அழகைப் பார்த்து உங்கள் தாத்தாவே இல்லை என்று முடிவு கட்டி விடாதீர்கள். எண்ணையும் படைப்பிரிவையும் வைத்துச் சரி பாருங்கள்.

துணியைப் பற்றிச் சொல்ல மறந்து விட்டேன். மறக்கவில்லை, கடைசிக்கு வைத்திருந்தேன்.

அந்தப் பெரியவரிடம் மஞ்சள் பதக்கத்தோடு பிஸ்கட் டின்னையும் கொண்டு போயிருந்தேன். டின்னின் அடியில் அந்தத் துணிப்பட்டை இருந்தது. ஊதா நிறம், நடுவில் ஒரு பச்சைக் கோடு. அவர் மஞ்சள் பதக்கத்தை ஓரமாக வைத்து விட்டு அந்தத் துணியைக் கையில் எடுத்தார். "இதோட பதக்கம் எங்கே?" என்றார். விற்று விட்டோம் என்றேன். 1918 முதல் 1962 வரையிலான பணிக்குக் கொடுத்த ஜெனரல் சர்வீஸ் மெடல் என்ற பதக்கத்தின் துணி அது. மேலே 'மலாயா' என்று எழுதிய ஒரு பட்டை இருந்திருக்கும். அவசர காலத்தில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. வெள்ளிப் பதக்கம். கலப்பு உலோகம் என்று கடையில் சொன்னார்களே, அது நிஜ வெள்ளி. முத்திரை இருந்திருக்காது. விளிம்பில் தாத்தாவின் எண்ணும் பெயரும் இருந்திருக்கும்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நாம் 916 பார்ப்பது போல அவர் முத்திரையைப் பார்த்தார். விளிம்பைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியவில்லை. அந்தப் பதக்கம் உருகிப் போயிருக்கலாம். யாராவது ஒரு சேகரிப்பாளரின் பெட்டியில் இருக்கவும் கூடும். பழம்பொருள் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஊதா பச்சைத் துணியையோ, துணி இல்லாத வட்டப் பதக்கத்தையோ கண்டால் விளிம்பைத் திருப்பிப் பார்க்கிறேன். இதுவரை தாத்தாவின் பெயர் கண்ணில் படவில்லை.

மஞ்சள் பதக்கத்துக்கு வேறு வழியில் விடை கிடைத்தது. பெரியம்மா வீட்டுப் பழைய ஆல்பத்தில் ஒரு படம். போலீஸ் கால்பந்துக் குழு இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. முன்னால் வைத்திருக்கும் பந்தில் சுண்ணாம்புக் கட்டியால் 1954 என்று எழுதியிருக்கிறது. இடது ஓரத்தில், முழங்காலில் கட்டுப் போட்டுக் கொண்டு, தாத்தா.

பாட்டிக்கு இப்போது 91 வயது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ராணி கொடுத்தது இல்லை, பந்து விளையாடி வாங்கிய பரிசு என்று சொல்லும்போது எனக்கே தயக்கமாக இருந்தது. பாட்டி அந்தப் பதக்கத்தை வாங்கி முந்தானையால் துடைக்கப் போனார். துடைக்க வேண்டாம் பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்து விட்டு, "உங்க தாத்தா பந்து விளையாடுவாரா? என்கிட்ட சொன்னதே இல்லையே, கண்ணு" என்றார்.